கடவுச்சொல் கேட்காத கணினி

தமிழ் படித்தவருக்குக் கணினியின் உள்விவகாரங்களில் என்ன வேலை என்று எங்கள் துறையில் என் காதுபடவே கேட்டவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தட்டச்சு செய்யத் தெரிந்தால் போதும், மற்றதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார் என்பதே நம்மில் பெரும்பாலோரின் நிலை. நானும் இதற்குள் விரும்பி வந்தவனல்லன். 2004 வாக்கில் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களைத் திரையில் வாசிக்க, டிஸ்கி எழுத்துருக்களோடும் அப்போது பரவிக்கொண்டிருந்த யூனிகோடோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. ஒருவர் அனுப்பிய கட்டுரை இன்னொருவர் கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரிந்த காலம் அது. அந்த மல்லுக்கட்டின் வழியே லினக்ஸ் அறிமுகமாயிற்று, பிறகு நிலைத்துவிட்டது.

அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது விலையில்லை என்பதன்று. தன்னுள் நடப்பதை அது வரிவரியாக எழுதிவைக்கிறது என்பதே. பிற இயங்குதளங்களும் எழுதத்தான் செய்கின்றன. ஆனால், கோளாறு வந்தால் முதலில் அந்த எழுத்தைப் போய் வாசி என்று சொல்லும் பழக்கம் லினக்ஸ் பயன்படுத்துவோரிடையே ஒரு பண்பாடாகவே ஊறியிருக்கிறது. வாசிப்பு என்று வந்துவிட்டால் நமக்கும் அங்கே ஓர் இருக்கை உண்டல்லவா?

இதைச் சொல்லக் காரணமாக இருந்தவர் என் ஆய்வு மாணவி ஒருவர். திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்து ஊர்களில் ஒப்பாரிப் பாடல்களைத் திரட்டி ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஒப்பாரி என்பது மற்ற நாட்டார் பாடல்களைப் போலக் கேட்டவுடன் பாடிக்காட்டுகிற பொருளன்று. இழவு இல்லாத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்று பல பெண்கள் மறுத்துவிடுவார்கள். பாட இசைந்தவர்களும் பாட்டினூடே தம் மாமியாரை, தமையனை, பாகம் பிரித்த கதையை எல்லாம் சொல்லிவிட்டு, “இத எங்க பேரோட வெளிய விட்றாதம்மா” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பாடியவர்களில் இருவர் பிறகு இறந்தும் போனார்கள்.

2023 ஜூனில் அவர் ஒரு மடிக்கணினி வாங்கினார். அம்மாவின் கம்மலை அடகு வைத்த பணமும் அதில் இருந்தது என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. விண்டோஸ் இல்லாமல், பெட்டியின்மேல் ‘டாஸ்’ என்று மட்டும் எழுதி விற்கும் வகை. சில ஆயிரம் ரூபாய் குறைவு. திருட்டு விண்டோஸ் ஏற்றித் தருவதாகக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். அவர் வேண்டாம் என்று கணினியைத் துறைக்கு எடுத்து வந்தார். டெபியன் மரபில் வந்த ஒரு வழங்கலின் நீண்ட ஆதரவுப் பதிப்பை நிறுவினோம். பாடகியருக்குக் கொடுத்த வாக்கை எண்ணி, வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்தோம். கணினியைத் திருடிப் போனாலும் கடவுச்சொல் இல்லாமல் ஒரு பாட்டையும் கேட்க முடியாது.

திரை, ஒலி, விசைப்பலகை எல்லாம் முதல் நாளே வேலை செய்தன. தமிழ்99 தட்டச்சும் அமைந்துவிட்டது. வைஃபை மட்டும் இல்லை. அணைந்திருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. அப்படியொரு பொருள் இருப்பதற்கான அடையாளமே அமைப்புகளில் இல்லை.

புது வன்பொருளில் லினக்ஸ் தடுமாறும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். கெர்னல் எனப்படும் உட்கரு, கணினியோடு இணைந்த ஒவ்வொரு பொருளிடமும் அதன் அடையாள எண்ணைக் கேட்டு வாங்குகிறது. செய்த நிறுவனத்துக்கு ஓர் எண், பொருளுக்கு ஓர் எண். அந்த இணை எண்களுக்குரிய இயக்கி தன்னிடம் இருக்கிறதா என்று பட்டியலில் தேடுகிறது. இருந்தால் பொருத்திக்கொள்கிறது, இல்லையென்றால் பேசாமல் கடந்துபோகிறது. நிகண்டு போன்றதுதான். சூடாமணி நிகண்டைப் புரட்டிக் ‘காப்பி’ என்ற சொல்லைத் தேடினால் கிடைக்குமா? நிகண்டின் குறையன்று அது. சொல் பின்னால் வந்தது. எங்கள் வழங்கலில் இருந்தது 5.15 என்னும் கெர்னல். அது 2021 அக்டோபரில் வெளியானது. மடிக்கணினியில் இருந்த வைஃபைச் சில்லுக்கான இயக்கியோ 2023 பிப்ரவரியில் வெளியான 6.2ஆம் கெர்னலில்தான் இடம்பெற்றிருந்தது.

இதை எப்படி அறிந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். ‘எல்எஸ்பிசிஐ’ என்றொரு கட்டளை இருக்கிறது. அது இணைந்துள்ள பொருள்களை அடையாள எண்களோடு பட்டியலிடும். கூடுதலாக ஒரு சொல் சேர்த்தால், ஒவ்வொன்றின் கீழும் எந்த இயக்கி அதை நடத்துகிறது என்றும் காட்டும். திரைக்கு இருந்தது. ஒலிக்கு இருந்தது. வைஃபைச் சில்லின் பெயரும் எண்ணும் இருந்தன. கீழே இயக்கி என்ற வரியே இல்லை. மாணவிதான் அதைக் கண்டார். “எல்லாத்துக்கும் மூணு வரி இருக்கு, இதுக்கு மட்டும் ரெண்டு வரி” என்றார். ஏடு பார்த்துப் பழகிய கண் அது. இல்லாத வரியைக் காண்பது இருக்கும் வரியைக் காண்பதைவிடக் கடினம். அந்த எண்களை வைத்துத் தேடியபோது, எந்தக் கெர்னலிலிருந்து ஆதரவு தொடங்குகிறது என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிட்டது.

வழிகள் இரண்டு இருந்தன. இயக்கியின் மூலநிரலைத் தனியே இறக்கி நம் கெர்னலுக்கு ஏற்பத் தொகுத்துக்கொள்வது ஒன்று. ஆர்வமுள்ள பலர் அதைத்தான் செய்வார்கள். ஆனால் கெர்னல் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதை மறுபடி தொகுக்க வேண்டும். ‘டிகேஎம்எஸ்’ என்ற ஏற்பாடு அதைத் தானாகச் செய்யும் என்றாலும், கெர்னலின் உள்ளமைப்பு மாறினால் தொகுப்பு முறிந்துபோவதுண்டு. பாதுகாப்பான தொடக்கம் என்ற ஏற்பாடு கணினியில் இயங்கிக்கொண்டிருந்தால், கையொப்பமில்லாத இயக்கியைக் கெர்னல் உள்ளே விடாது. அதற்கொரு திறவுகோலை உண்டாக்கிப் பதிவு செய்ய வேண்டும். ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவருக்கு இவ்வளவு தேவையா? இரண்டாவது வழி, காத்திருப்பது. நீண்ட ஆதரவுப் பதிப்புகளில் சில, புது வன்பொருள்களை முன்னிட்டு அவ்வப்போது புதிய கெர்னலையும் வழங்குகின்றன. எங்களுடையது அந்த வகை. அதுவரை கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் வழியே இணையம் பெறலாம். லினக்ஸ் அதைத் தனி இயக்கி எதுவும் கேட்காமலே ஏற்றுக்கொள்ளும்.

நான் காத்திருக்கச் சொன்னேன். ஆகஸ்டில் வழக்கமான புதுப்பிப்பின் ஒரு பகுதியாக 6.2 வந்தது. மறுதொடக்கம் செய்ததும் விடுதியின் வைஃபை பெயர் மூலையில் தெரிந்தது என்று மாணவி தொலைபேசியில் சொன்னார். நாங்கள் எதையும் செய்யவில்லை. எங்கோ முகம் தெரியாத சிலர் எழுதிய நிரல், உரிய காலத்தில் வந்து சேர்ந்தது. புதுப்பிப்பைத் தொல்லை என்று தள்ளிப்போடுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

*

அடுத்த புதுப்பிப்பு அவ்வளவு இனிமையாக இல்லை.

2024 ஜனவரியில் கெர்னல் 6.5 வந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நான்கு நாள் இருந்தது. நான் விடைத்தாள் திருத்தும் பணிக்காக வேறு ஊரில் இருந்தேன். ஞாயிறு முற்பகல் அழைப்பு வந்தது. குரலில் பதற்றம். முந்தைய இரவு புதுப்பிப்பை ஓட விட்டு, காலையில் கணினியைத் திறந்தால் கருந்திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடி நின்றுவிட்டன. எந்த விசைக்கும் அசைவில்லை. கடைக்கு எடுத்துப் போயிருக்கிறார். அழைத்தது கடை வாசலிலிருந்து.

“வட்டு போயிடுச்சுன்னு சொல்றாங்க ஐயா. ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டாத்தான் ஆகுமாம். லினக்ஸெல்லாம் உங்களுக்குச் சரிப்படாதுன்னு சொல்றாரு. என்ன செய்யட்டும்?”

ஆய்வேட்டின் இயல்கள் அவருடைய மின்னஞ்சலில் இருந்தன. ஒலிப்பதிவுகளில் பாதிக்குமேல் அந்தக் கணினியில் மட்டுமே இருந்தன. இறந்துபோன இருவரின் குரல்களும் அந்தப் பாதியில். ஃபார்மட் என்ற அந்தச் சொல் கடையில் நாளொன்றுக்கு இருபது முறை புழங்குகிற சொல்லாக இருக்கலாம். மறையாக்கம் செய்த வட்டில் அதைச் செய்துவிட்டால் மீட்பதற்கு எந்த நிபுணராலும் ஆகாது.

“யார் கையிலும் கொடுக்காதே அம்மா. திரையை ஒரு படம் எடுத்து அனுப்பு. கணினியை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போ” என்றேன்.

படம் வந்தது. கடைசி வரியைத் தமிழில் சொன்னால் இப்படி: கெர்னல் நிலைகுலைந்தது, வேர்க் கோப்புமுறையை ஏற்ற முடியவில்லை, அறியப்படாத வட்டு, சுழியம், சுழியம். ‘வட்டு அறியப்படவில்லை’ என்பதைக் கடைக்காரர் ‘வட்டு போய்விட்டது’ என்று வாசித்திருக்கிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. கடைசி வரிதான் எப்போதும் உரத்துப் பேசுகிறது. நின்றுபோன இடத்தில் கண்ணெதிரே கிடப்பதும் அதுதான். ஆனால் கடைசி வரி பெரும்பாலும் விளைவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. சுவடிப் பதிப்பில் நாம் கற்றது இதையேதான். ஒரு பாட்டின் நான்காம் அடியில் பொருள் முறிகிறது என்றால், நான்காம் அடியைத் திருத்தப் போகிறவர் பாட்டைக் கெடுத்துவிடுவார். புள்ளியிடாத ஓலையில் முதலடியின் ஒரு மெய்யை உயிர்மெய்யாகப் படித்ததிலிருந்து தவறு தொடங்கியிருக்கலாம். பிழை எங்கே வெளிப்படுகிறது என்பது வேறு, எங்கே நுழைந்தது என்பது வேறு.

விடுதிக்குப் போனதும் மறுபடி அழைத்தார். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

“காலையில் திறந்தபோது கடவுச்சொல் கேட்டதா?”

சிறிது யோசித்து, “இல்லைங்க ஐயா. கேக்கவே இல்ல” என்றார்.

எனக்கு அப்போதே பாதி நிம்மதி வந்துவிட்டது. காரணத்தைச் சற்று விளக்க வேண்டும், பொறுத்துக்கொள்க. மறையாக்கம் செய்த கணினியில் எல்லாமே பூட்டியிருக்க முடியாது. பூட்டைத் திறப்பதற்கான ஆள் வெளியே நின்றாக வேண்டும். எனவே தொடக்கத்துக்கென்று சிறு பகுதி ஒன்று பூட்டப்படாமல் தனியே ஒதுக்கப்படுகிறது. ‘பூட்’ என்று அதற்குப் பெயர். அதில் கெர்னலும், அதற்குத் துணையாக ‘இனிட்ராம்எஃப்எஸ்’ எனப்படும் சிறு கோப்புமுறையும் இருக்கும். கெர்னல் எழுந்ததும் அந்தத் துணைக் கோப்புமுறையைத்தான் நினைவகத்தில் விரித்துக்கொள்கிறது. கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கி, வட்டின் பூட்டைத் திறந்து, பிறகு முழு அமைப்பையும் அழைத்துவருவது அதனுள்ளே இருக்கும் நிரல்கள். கடவுச்சொல்லைக் கேட்கவே இல்லை என்றால், கேட்க வேண்டிய வாயிற்காவலன் வரவில்லை என்று பொருள். கெர்னல் தனியே வந்து நின்று, எந்த வட்டையும் அறியாமல் திகைத்திருக்கிறது. வட்டு கெட்டிருக்குமோ என்றால், அந்த வெள்ளை எழுத்துகளை எழுதிய கெர்னலே அந்த வட்டிலிருந்து படிக்கப்பட்டதுதானே! பூட்டிய பெட்டி திறக்கப்படவே இல்லை. ஆகவே உள்ளே இருப்பதை யாரும் தொடவும் இல்லை.

“கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை அம்மா” என்று முதலில் அதைச் சொன்னேன்.

கெர்னல் புதுப்பிக்கப்படும்போது லினக்ஸ் வழங்கல்கள் பழையதை உடனே தூக்கி எறிவதில்லை. புதியது எழாவிட்டால் திரும்பிப் போக வழி வேண்டும் என்று முந்தையதை விட்டுவைக்கின்றன. தொடங்கும்போது எஸ்கேப் விசையை அழுத்தினால் ஒரு பட்டியல் வரும். அதில் மேம்பட்ட தேர்வுகள் என்பதற்குள் போனால் பழைய கெர்னல்கள் வரிசையாக இருக்கும். விசையை அழுத்தும் நேரம் பிடிபட நான்கு முறை ஆயிற்று. ஐந்தாம் முறை பட்டியல் வந்தது. எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்காட்டினார். 6.2 என்று தொடங்குவதைத் தேர்வு செய்யச் சொன்னேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் பேச்சில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“கடவுச்சொல் கேக்குது ஐயா” என்றார்.

உள்ளே போனதும் பழுதை நீக்கும் பேச்சை நான் எடுக்கவில்லை. வெளிவட்டு ஒன்றை விடுதித் தோழியிடம் வாங்கி, ஒலிப்பதிவுகள் அனைத்தையும் அதில் படியெடுத்து, நான்கைந்தை ஓடவிட்டுக் கேட்டுப் பார்க்கச் சொன்னேன். அதற்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அந்த வட்டும் மறையாக்கம் செய்யப்பட வேண்டும் என்று அவரே நினைவூட்டினார்.

பிறகுதான் பதிவேட்டை எடுத்தோம். ‘ஆப்ட்’ தன் வேலையின்போது திரையில் காட்டியதையெல்லாம் ஒரு கோப்பில் அப்படியே எழுதிவைக்கும். முந்தைய இரவுக்குரிய பகுதி இருநூறு வரிக்கு மேல். முடிவில், தொகுதி நிறுவி பிழைக்குறி ஒன்றோடு திரும்பியது என்ற வரி. அந்த வரியை மட்டும் கொண்டு தேடினால் ஆயிரக்கணக்கான பேருடைய ஆயிரம் வேறுவேறு சிக்கல்கள் வந்து விழும். எல்லாச் சாவுக்கும் ‘மூச்சு நின்றது’ என்று எழுதுவதைப் போன்ற வரி அது. கீழிருந்து மேலே போகச் சொன்னேன். ஒவ்வொரு பிழைக்கும் முன்னால் வேறொரு பிழை இருந்தது. ஆறாவதோ ஏழாவதோ ஏறியபோது, அதற்குமேல் எல்லாம் ஒழுங்காக நடந்திருந்த ஓர் இடம் வந்தது. அங்கே ஒரே ஒரு சிறு வரி: இடமில்லை.

பூட் பகுதியின் அளவு எழுநூறு மெகாபைட்டுச் சொச்சம். நிறுவும்போது நிறுவியே தீர்மானித்த அளவு. அதில் நான்கு கெர்னல்கள் தங்கியிருந்தன. வரைகலைச் சில்லுகளுக்கான ஃபர்ம்வேர் பெருகப் பெருக, இனிட்ராம்எஃப்எஸ் ஒவ்வொன்றும் நூறு மெகாபைட்டைத் தாண்டிவிட்டது. ஐந்தாவதன் கெர்னல் உள்ளே வந்துவிட்டது. துணைக் கோப்புமுறையை எழுதும்போது இடம் தீர்ந்தது. தொடக்கப் பட்டியலில் மட்டும் புதியவரின் பெயர் முதலில் ஏறிவிட்டது. இவ்வளவுதான் நடந்தது.

நீக்குவது எளிது. பயன்பாட்டில் இல்லாத பழைய கெர்னல்களை, ‘ஆப்ட்’ வழியாகவே நீக்கினோம். கோப்புகளைக் கையால் அழித்தால் தொகுதி நிறுவியின் கணக்கும் வட்டின் நிலையும் முரண்பட்டுவிடும். இயங்கிக்கொண்டிருந்த 6.2ஐத் தொடவில்லை. அரைகுறையாக நின்ற அமைப்பை நிறைவு செய்யும்படி ஒரு கட்டளை. துணைக் கோப்புமுறை உருவானது. மறுதொடக்கம். புதிய கெர்னலும் கடவுச்சொல் கேட்டது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இருநூறு வரியையும் அவர் எனக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துக்காட்ட வேண்டியிருந்தது. தமிழ்வழியில் படித்துவந்தவர். பல லினக்ஸ் மென்பொருள்களுக்குத் தமிழ் இடைமுகம் இருக்கிறது. தன்னார்வலர்கள் பல ஆண்டு உழைத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதிவருகிறது. ஆயினும் பிழைச்செய்தி என்று வரும்போது, அதைத் தமிழில் பெற்றால் அதே வரியை இணையத்தில் தேட முடியாது; உலகத்தில் அந்தச் சிக்கலைச் சந்தித்தவர்கள் அனைவரும் ஆங்கில வரியைத்தான் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே பழுது பார்க்கும்போது மட்டும் கட்டளைக்கு முன்னால் மொழியை மாற்றும் சிறு குறிப்பைச் சேர்த்து ஆங்கிலத்தில் வாங்கிக்கொள் என்று நானே சொல்லிக்கொடுக்கிறேன். தமிழாசிரியன் வாயால் சொல்ல இனிக்கிற செய்தி அன்று. ஆனால் மாற்று வழி, கடைக்காரர் சொன்னதை நம்புவதாக இருக்கிறது. பிழைவரிகளுக்குத் தமிழில் விளக்கம் எழுதுவோர் பெருகினால் நிலைமை மாறலாம். கட்டளையை மட்டும் எடுத்துக் கொடுக்கும் குறிப்புகள் அதற்குப் போதா. ஏன் இந்தக் கட்டளை, இது எதைத் தொடும், எதைத் தொடாது என்று உரை எழுத வேண்டும். உரை எழுதும் மரபு நமக்குப் புதிதன்று.

ஆய்வேடு வியாழனன்று சமர்ப்பிக்கப்பட்டது. பிற்சேர்க்கையில் பாடகியர் எவர் பெயரும் இல்லை, எண்கள் மட்டும்.

மாணவி இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் தேதி, கெர்னல் எண், பூட் பகுதியில் மிச்சமிருந்த இடம், புதுப்பிப்புக்குப் பின் எது மாறியது என்ற நான்கு பத்தி. சென்ற ஆண்டு ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, மூடித் திறந்தால் தொடுபலகை வேலை செய்யாமல் போனதாம். என்னை அழைக்கவில்லை. நோட்டைப் பார்த்து, முந்தைய கெர்னலில் திறந்து, அதில் கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அடுத்த புதுப்பிப்பு வரும்வரை அதிலேயே இருந்திருக்கிறார். மூன்று வாரம் கழித்து வேறொன்றைப் பேசும்போது இடையே சொன்னார்.

அந்த மடிக்கணினியில் ஒரு கைரேகைப் பட்டையும் உண்டு. அதற்கான இயக்கி இன்னும் வரவில்லை. ஒவ்வொரு கெர்னல் மாற்றத்துக்குப் பிறகும் ஒருமுறை விரலை வைத்துப் பார்ப்பதாகச் சொல்கிறார்.